ஓடை என்று எழுதப்பட்ட அறுபது மீட்டர்

வில்யோ கார்ப்பனெனைப் பற்றி எங்கள் ஊர் லெஹ்தோவாராவில் யாரைக் கேட்டாலும் முதலில் மரங்களைத்தான் காட்டுவார்கள். பெரிய சாலையிலிருந்து தேவாலயம் வரை இரண்டு பக்கமும் நிற்கிற பைன் காடு, அவன் வேலைக்கு வந்த வருடம் இடுப்பு உயரக் குச்சிகளாக இருந்தது. பாசியும் தண்ணீருமாக ஊறிக் கிடக்கிற சதுப்பில் மரம் எப்படி வளரும்? நூறு வயதானாலும் கைத்தடி கனம்தான் இருக்கும். வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டால் அதே மரம் நாற்பது வருடத்தில் வீட்டுக்கு உத்தரமாகிவிடும். அந்த வேலைக்காக அரசாங்கம் அனுப்பிய ஆள் வில்யோ. அவன் வரைபடத்தில் கோடு போடுவான். நான் பொக்லைன் ஓட்டி அந்தக் கோட்டை மண்ணில் வெட்டுவேன். இருவருக்கும் ஒரே வயது. பதினெட்டு வருடம் அப்படி ஒன்றாக வேலை செய்தோம்.

அவன் கெட்டிக்காரன். ரப்பர் பூட்ஸோடு ஒரு நாள் சதுப்பில் நடந்தால் போதும், தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளவுக் கருவி இல்லாமலே சொல்லிவிடுவான். ஜனங்களிடம் பேசவும் தெரியும். நிலம் தர மறுக்கிற ஆள் வீட்டில் மூன்று கோப்பை காப்பி குடித்துவிட்டு எழுந்தால், கையெழுத்து வாங்கியிருப்பான். அவனைப் பற்றி இவ்வளவும் உண்மை. இனிமேல் சொல்லப்போவதும் உண்மை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

1972-இல் குர்கிசுவோ என்கிற பெரிய சதுப்பை வடிக்கும் வேலை வந்தது. அதற்குக் கீழே ஹௌகி ஏரி. ஏரிக்கரையில் ஒரே ஒரு வீடு, சய்மா துவோவினென் என்கிற அம்மாவுடையது. புருஷன், ஒரு மகள், நான்கு பசு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, மிச்சமெல்லாம் மீன். முய்க்கு என்று விரல் நீளத்தில் வெள்ளியாக மின்னும் மீன் அந்த ஏரியில் ஏராளம். இலையுதிர் காலத்தில் அது கூழாங்கல் தரையில் முட்டை போடும், முட்டை பனிக்கடியில் ஆறு மாதம் கிடந்து வசந்தத்தில் பொரியும். சய்மாவின் அப்பாவும் அந்த மீனில்தான் வாழ்ந்தார்.

வில்யோவும் மீன்காரர் வீட்டுப் பிள்ளைதான், வேறொரு ஏரிக்காரன். அதனால்தான் படம் போடும்போது தலைமை வடிகாலை ஏரி வரை கொண்டுபோகாமல் அறுபது மீட்டர் முன்னாலேயே நிறுத்தினான். நடுவில் வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரமும் புல்லுமாக ஒரு ஈர நிலம், ஊர்ப் பொதுச் சொத்து. அந்தக் காலத்தில் அப்படி இடம் விடச் சொல்லி எந்த விதியும் கிடையாது. அவனே விட்டான்.

"இங்க வந்து தண்ணி பரவட்டும்டா தௌனோ" என்று என்னிடம் சொன்னான். "சேத்தையெல்லாம் புல்லு புடிச்சு வச்சுக்கும். நேரா ஏரிக்குள்ள விட்டோம்னா கல்லு மேல படிஞ்சு முட்டையெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

அவன் வாயாலேயே சொன்னான். தெரியாமல் செய்தான் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் முழுக்க மழை. வெட்டிய வடிகால்களில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றது. கரை சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. என் எந்திரம் இரண்டு முறை இடுப்பளவு புதைந்தது. அடுத்த திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல். வியாழக்கிழமை மத்தியானம் வில்யோ நனைந்த தொப்பியோடு வந்து என் எந்திரத்தின் படியில் ஏறி நின்றான்.

"அந்த அறுபது மீட்டரையும் வெட்டிவிட்டுடு."

"படத்துல இல்லையேப்பா."

"படத்தை நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை அவங்க வரும்போது இப்படிக் குளமா நிக்கணுமா? அப்பறமா மூடிக்கலாம்."

வெள்ளி, சனி இரண்டு நாள். ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தபோது குர்கிசுவோவின் தண்ணீர் முழுக்கக் கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வந்த அதிகாரிகள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மூடுகிற பேச்சு பிறகு வரவே இல்லை. எந்திரம் வேறொரு சதுப்புக்குப் போய்விட்டது. நானும் கேட்கவில்லை. வேலை முடிந்த அறிக்கையில் 'திட்டப்படி முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும் ஏரி பழுப்பாகிவிட்டது. கொஞ்ச நாளில் தெளிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜூன் வந்தது, தெளியவில்லை. சய்மாவின் வலையில் மீனுக்குப் பதிலாக வழவழவென்று சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. துணி அலசினால் வெள்ளைத் துணி தேநீர் நிறமாயிற்று. அந்த வருடம் முய்க்குக் குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வில்யோவின் அலுவலகத்துக்கு வந்தார். பதினோரு கிலோமீட்டர் சைக்கிளில். அன்றைக்கு அங்கே நாங்கள் ஆறேழு ஆண்கள் இருந்தோம். எரிபொருள் கணக்குக் கொடுக்க நானும் போயிருந்தேன். சய்மா பையிலிருந்து ஒரு பால் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஏரித் தண்ணீர்.

"இதைத்தான் நான் குடிக்கணுமா?"

"வசந்தத்துல கலங்குறது சகஜம்தான்மா" என்றான் வில்யோ. "ரெண்டு வருஷத்துல சரியாயிடும்."

"வாய்க்கா எங்க முடியுது? அதைச் சொல்லுங்க."

அவன் படத்தை விரித்துக் காட்டினான். "இதோ, ஏரிக்கு அறுபது மீட்டர் தள்ளி."

"நான் நேத்து அதுல இறங்கி நடந்தேன். ஏரி வரைக்கும் வெட்டியிருக்கு. எந்திரப் பல்லு பட்ட தடம் கூட இருக்கு."

நான் தரையைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் எந்திரத்தைக் கொண்டுபோய் மூடியிருக்கலாம். அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான்.

"அது பழைய ஓடைம்மா. தண்ணி தானா தேடிக்கிட்ட வழி. ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியலன்னா, நல்ல மூக்குக் கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த எந்திரப் பல்லின் தடத்தைப் போட்ட நானும் சிரித்தேன். சய்மா பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

வெறும் பேச்சோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சய்மா எழுத்தில் புகார் அனுப்பினார். பதில் எழுத வேண்டியவன் வில்யோ. 'குறிப்பிடப்பட்ட பகுதி வடிகால் அல்ல, இயற்கையான ஓடை' என்று தட்டச்சு செய்து முத்திரை குத்தி அனுப்பினான். நகல் கோப்பில் போயிற்று.

அதோடு சய்மாவுக்கு ஊரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. 'கண்ணாடி சய்மா'. அவர் ஆயுசில் கண்ணாடி போட்டதில்லை. பால் வண்டிக்காரனிலிருந்து தேவாலயப் பாடல் குழு வரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஏன் அந்தப் பெயர் என்று தெரியாத சின்னஞ்சிறுசுகளும் சொன்னார்கள். அவர் ஏதாவது வாதம் பண்ணினால், "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்கக்கா" என்பார்கள். மீன் போனபிறகு பசுக்களை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். புருஷன் நகரத்து மர ஆலைக்கு வேலைக்குப் போனார். வாரம் ஒருமுறை வந்தவர் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வரவில்லை.

வில்யோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கூட்டுறவுக் கடையில் சய்மா நுழைந்தால் இவன் பட்டாணி டப்பாக்களின் பக்கம் திரும்பி, அதில் அச்சடித்திருப்பதை எழுத்து விடாமல் படிப்பான். ஏரிக்கரை வழியாகப் போனால் இருபது நிமிடத்தில் போகிற ஊருக்குச் சுற்றுப்பாதையில் முக்கால் மணி நேரம் ஓட்டுவான். "ரோடு நல்லாருக்கு" என்பான். அந்தச் சுற்றுப்பாதையில் என்ன மாதிரிக் குழிகள் இருந்தன என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சேர்ந்து நீராவிக் குளியல் எடுத்திருக்கிறோம், சேர்ந்து மான் வேட்டைக்குப் போயிருக்கிறோம். இந்தப் பேச்சு மட்டும் வாய்க்கு வந்ததில்லை.

நாற்பது வருடம் போயிற்று. சதுப்புகளை வடித்தது ரொம்பவும் அதிகமாகிவிட்டது, பாதி இடத்தில் மரமும் வளரவில்லை, கீழே ஏரிகள்தான் கெட்டன என்று அரசாங்கமே சொல்ல ஆரம்பித்தது. 2012 மார்ச்சில் பிர்யோ என்று ஒரு பெண் எங்கள் ஊர் மன்றத்துக்கு வந்தாள். நீர்வளம் படித்தவள், வயது நாற்பத்தைந்து இருக்கும், சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். குர்கிசுவோவில் மரம் வராத பகுதியின் வடிகால்களை அடைத்து, மேலே தண்ணீரை நிறுத்திவைக்கப்போவதாகச் சொன்னாள். கோடையில் கீழே வயல் காய்வதும் குறையும், வசந்தத்தில் வெள்ளமும் குறையும் என்றாள்.

"ஆனா ஏரிக்கு இதால பெரிசா நல்லது நடக்காது" என்றாள். "கடைசி அறுபது மீட்டர்தான் பிரச்சினை. சேறெல்லாம் அது வழியாத்தான் போகுது. அதை அடைச்சுப் பக்கத்துல இருக்கற ஈர நிலத்துல தண்ணியைப் பரத்தி விட்டா அருமையா இருக்கும். ஆனா பழைய கோப்புல அது இயற்கை ஓடைன்னு இருக்கு. இயற்கை ஓடையைச் சட்டம் தொட விடாது. கையைக் கட்டிப் போட்டுட்டாங்க."

முன்வரிசையில் கம்பளித் தொப்பியோடு சய்மா உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. எழுந்து நின்றார்.

"அது ஓடை இல்ல."

பின்னாலிருந்து ஒஸ்மோவின் குரல். குர்கிசுவோவில் அவனுக்கு நிறையக் காடு உண்டு. "கண்ணாடி சய்மா ஆரம்பிச்சுட்டாங்கப்பா. சீக்கிரம் காப்பியை ஊத்துங்க."

சிரிப்பு. நாற்பது வருடத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு. வேறு வாய்கள், அவ்வளவுதான். திரும்பி வில்யோவைப் பார்த்தேன். சுவரோரம் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் இருந்தான். பிர்யோ சுற்றிலும் பார்த்துக் கேட்டாள்: "அப்போ அங்க வேலை செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

நான் வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. சய்மா எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஏழு வாரம் கழித்து, பனி உருகி முடிந்த ஒரு காலையில் வில்யோ என் வீட்டு வாசலில் ரப்பர் பூட்ஸோடு நின்றான். முகம் சவரம் செய்திருக்கவில்லை. ஐம்பது வருடத்தில் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"வாடா. ஏரிக்குப் போயிட்டு வரலாம்."

கரை வழிச் சாலையில் போனோம். வாய்க்கால் அகன்று ஆழமாகி, கரையில் பூர்ச்ச மரம் முளைத்து, உண்மையிலேயே ஓடை மாதிரிதான் இருந்தது. அது ஏரியில் சேரும் இடத்தில் அவன் ஒரு நீளக் கழியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். அழுத்தவே வேண்டாம். கழி இறங்கிக்கொண்டே போயிற்று. அவன் தோள் நனையும் வரை குனிந்தான். கழி எங்கேயும் கல்லைத் தொடவில்லை.

"கண்ணாடி சய்மா, நான் வச்ச பேருடா அது" என்றான். கழியைப் பிடித்த கையை எடுக்காமலே சொன்னான். "உறுத்தறது சேறு கூட இல்ல. அந்தப் பேரு."

அங்கிருந்து நேராகச் சய்மா வீட்டுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். சய்மா முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"சய்மா, அந்தக் கடைசி அறுபது மீட்டரை வெட்டச் சொன்னது நான்தான்" என்றான் வில்யோ. "ஓடைன்னு பொய் எழுதினதும் நான்தான்."

"தெரியும்."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அதுல இறங்கி நடந்தவ நான். எனக்கு எதுக்குடா சொல்ற, புதுசா?" இன்னொரு கட்டையை எடுத்து வைத்தார். "சிரிச்சாங்க பாரு, அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"பாதிப் பேர் செத்துட்டாங்க."

"இருக்கறவங்ககிட்ட சொல்லு. செத்தவங்களுக்கு நீ போனப்பறம் சொல்லிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி தராமல் அனுப்ப மாட்டார்கள். கடன்காரனுக்கும் கொடுப்பார்கள். சய்மா அன்றைக்குக் காப்பி என்ற பேச்சையே எடுக்கவில்லை. திரும்பி வரும்போது வில்யோ சொன்னான், "குடுத்திருந்தா என்னால குடிச்சிருக்க முடியாதுடா."

அடுத்த கூட்டம் மே மாதக் கடைசியில். ஜனம் நிறைய வந்திருந்தது. வில்யோ எழுந்தான். கூட்டத்தில் பேசியே பழகினவன், அன்றைக்கு ஆரம்பிக்கத் தெரியாமல் நின்றான். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி, தேதி, கிழமை, மீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மேலதிகாரிகள் முன்னால் நல்ல பேர் வேண்டும் என்று வெட்டச் சொன்னதையும், மீன் சாகும் என்று தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னான். "அந்தம்மா கண்ணு நல்லாத்தான் இருந்துது. நான்தான் அவங்களைக் கேலிப் பொருள் ஆக்கினேன். நீங்கல்லாம் சொல்றீங்களே ஒரு பேரு, அது நான் பொய் சொல்லித் தப்பிக்கறதுக்குப் போட்ட பேரு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் உட்காருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "எந்திரம் ஓட்டினது நான். படத்துல இல்லைன்னு தெரிஞ்சும் வெட்டினேன். அப்பறம் ஆபீஸ்ல சிரிச்சேன்." அவ்வளவுதான் சொல்லி உட்கார்ந்தேன்.

ஒஸ்மோ எழுந்தான். "எங்கப்பன் கிட்ட வந்து வெட்டு வெட்டுன்னு கையெழுத்து வாங்கின. இப்ப மூடு மூடுன்னு வந்து நிக்கற. உனக்கு மனசு உறுத்துதுன்னா என் காட்டுல எதுக்குய்யா தண்ணியை விடறீங்க?"

"உங்க காட்டுக்கு ஒண்ணும் ஆகாது ஒஸ்மோ" என்றாள் பிர்யோ. "அவர் சொல்றது பொதுநிலம்."

"அவர் சொல்றதை இன்னும் எவன் நம்புவான்?" என்றான் ஒஸ்மோ.

வில்யோ சரிதான் என்று தலையை ஆட்டினான்.

சய்மா கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசி வரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிர்யோ எங்கள் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டாள். கோப்பு திருத்தப்பட்டது. செப்டம்பரில் மூன்று இடங்களில் மண்ணும் மரக்கட்டையும் போட்டு அந்த அறுபது மீட்டரை அடைத்தார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்தது, பிறகு பக்கத்துப் புல்லுக்குள் விரலளவு ஆழத்தில் பரவியது. வேலை முழுவதும் எடுத்தது ஒன்றரை நாள். வில்யோ கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஒன்றரை நாள்" என்றான் என்னிடம்.

ஏரி எவ்வளவு தெளிகிறது என்று அளக்க யாராவது வேண்டும் என்று பிர்யோ கேட்டாள். வில்யோ ஒப்புக்கொண்டான். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும், கண்ணிலிருந்து மறைகிற ஆழத்தைக் குறிக்க வேண்டும். படகு சய்மாவுடையதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டித் துடுப்பு கேட்பான். அவர் கொடுப்பார். முதல் வருடம் எழுபது சென்டிமீட்டர். இரண்டாம் வருடமும் எழுபது. மூன்றாம் வருடம் எண்பது. அதைப் போய்ச் சொன்னபோது, "எங்கப்பா காலத்துல நாலு மீட்டர் ஆழத்துல கிடக்கற கல்லை எண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை வாங்கி உள்ளே வைத்தாராம். 'கண்ணாடி' என்று யாரும் அதன்பிறகு அவர் முன்னால் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சிலர் சொன்னார்கள். நாற்பது வருடம் நாக்கில் ஊறிய பெயர் ஒரு கூட்டத்தில் போய்விடுமா?

"சொல்லிட்டா பாரம் இறங்கிடும்னு நெனச்சேன்டா" என்று வில்யோ ஒருநாள் படகில் வைத்து என்னிடம் சொன்னான். "முன்னாடி யாருக்காவது தெரிஞ்சிடுமோங்கற பயமும் கூட இருந்துது. இப்ப அது போயிடுச்சு. மத்தது அப்படியேதான் இருக்கு."

2016 இலையுதிர் காலத்தில் சய்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எழுந்து வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வில்யோவுக்குப் போகத் தைரியம் இல்லை. அந்த வார அளவை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தனுப்பினான். தொண்ணூறு சென்டிமீட்டர். சய்மா தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அவனை வரச் சொல்லு. ஒண்ணு கேக்கணும்."

மறுநாள் மத்தியானம் போனோம். நான் வாசலோடு நின்றுகொண்டேன், கதவு திறந்துதான் இருந்தது. வில்யோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தேனே, அன்னிக்கு வீட்டுக்குப் போயி என்ன பண்ணின?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். ஏதாவது நல்ல பதிலைத் தேடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் உண்மையில் ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டேன். எம்பொண்டாட்டி ஐலா அன்னிக்குப் பட்டாணி சூப் வச்சிருந்தா. உங்களைப் பத்தி அவகிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

"தூங்கினியா?"

"தூங்கினேன். நல்லாவே தூங்கினேன்."

சய்மா கண்ணை மூடிக்கொண்டார். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். "தூங்கலைன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு வெளிய போடான்னு சொல்லியிருப்பேன்."

பிறகு தண்ணீர் வேண்டும் என்றார். வில்யோ கோப்பையைப் பிடித்துக்கொடுத்தான். கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அவர் பாதி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வில்யோவும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் அவன் அழுதான். ஊர் வந்து சேரும்வரை நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

சய்மா அந்த வாரமே இறந்துபோனார். வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர் மகள் கோடையில் மட்டும் வருகிறாள். வில்யோ அதன் பிறகு ஆறு வருடம் இருந்தான். கால் ஓடுகிறவரை அளந்தான், பிறகு படகில் உட்கார்ந்துகொண்டு என்னை அளக்கச் சொல்லி எழுதிக்கொண்டான். கடைசி வருடம் ஒரு மீட்டர் இருபது வந்தது. முய்க்கு இன்னும் வரவில்லை. மேலே உள்ள சேறு பத்து வருடத்தில் குறையும், அடியில் படிந்தது அப்படியேதான் இருக்கும் என்று பிர்யோ சொல்கிறாள். அவள் அனுப்புகிற தாளை நான்தான் இப்போது நிரப்பி அனுப்புகிறேன். அளந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதுகிறேன்.